ஒன்றரைச் சுற்று

ஆயுத பூஜைக்காகப் பரணிலிருந்து இறக்கிய தகரப் பெட்டிதான் எல்லாவற்றையும் தொடங்கி வைத்தது. 2024 அக்டோபர் 11, வெள்ளிக்கிழமை. பிலாய் நேரு நகரில் உள்ள அந்தத் தமிழ்க் குடும்பம் வழக்கம்போல ஸ்பேனர்களுக்கும் சுத்தியலுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தது. வராந்தா மூலையில், தார்ப்பாய்க்கு அடியில் நின்ற 1991-ம் வருடத்து ஹீரோ ஹோண்டா சி.டி.100-க்கும் ஒரு பொட்டு. பதினான்கு மாதமாக அந்த வண்டி ஓடவில்லை. அதன் சொந்தக்காரரும் பேசவில்லை.

இரண்டும் ஒரே நாளில் நின்றவை. 2023 ஆகஸ்டில் ஒரு காலை, சிவிக் சென்டரில் காய்கறி வாங்கி வந்து வண்டியை நிறுத்திவிட்டு, செருப்பைக் கழற்றக் குனிந்தார் அப்பா. வலது கை எழவில்லை. மூளையின் இடது பக்கத்துக்குப் போகும் ரத்தம் தடைப்பட்டிருந்தது. கால் ஓரளவு திரும்பி வந்தது, ஒரு கைத்தடியின் தயவில். கை வரவில்லை. உருக்காலையின் இயந்திரப் பட்டறையில் ஃபிட்டராகச் சேர்ந்து, 2013-ல் ஓய்வு பெறும்வரை பட்டறைச் சத்தத்தையும் மீறிக் கேட்கும்படி பேசிப் பழகியவரிடம் மிஞ்சியது ஒரே ஒரு சொல்: "அதுதான்."

1861-ல் பாரிஸ் அருகே பிசேத்ர் மருத்துவமனையில் பால் புரோக்கா என்ற மருத்துவர் பார்த்த நோயாளிக்கும் ஏறக்குறைய ஒரே ஓசைதான் மிஞ்சியிருந்தது. அதுவும் 'தான்' என்பது போன்ற ஓசை. மற்றவர்கள் சொல்வது அந்த மனிதருக்குப் புரிந்தது, பதில்தான் வரவில்லை. அவர் இறந்த பிறகு மூளையைச் சோதித்துத்தான், பேச்சை உருவாக்கும் இடம் இடது முன்பக்கத்தில் இருக்கிறது என்ற முடிவுக்கு வந்தார் புரோக்கா. இத்தகைய நோயாளிகளிடம் இன்னொரு விசித்திரமும் உண்டு. யோசித்துச் சொல்ல வேண்டிய சொல் வராது. ஆனால் வாய்ப்பாடு மாதிரி வரிசையாகப் பழகியவை - எண்கள், கிழமைகள், பாட்டு, சில சமயம் கெட்ட வார்த்தை - தடையில்லாமல் வந்துவிடும். பிலாய்க்காரருக்கும் அப்படித்தான். "காப்பி" என்று கேட்க முடியாதவர், யாராவது "ஒண்ணு" என்று தொடங்கினால் பத்து வரை நிற்காமல் போவார்.

ஒரே சொல் வைத்திருப்பவரோடு வாழ்வதில் ஒரு வசதி இருக்கிறது. அவர் என்ன சொன்னார் என்பதை அவரவர் இஷ்டப்படி வைத்துக்கொள்ளலாம். வண்டியை விற்றுவிடலாமா என்று ஹைதராபாத்திலிருக்கும் மகன் தொலைபேசியில் கேட்டான். "அதுதான்" என்றார் அப்பா. விற்கச் சொல்கிறார் என்று மகன் எடுத்துக்கொண்டான். அவர் சொன்ன தொனியைப் பார்த்தால் வேண்டாம் என்றுதான் அர்த்தம் என்றார் அம்மா. சுபேலாவிலிருந்து வந்து பார்த்த கபாடிக்காரர், ஓடினால் ஆறாயிரம், ஓடாவிட்டால் எடைக்கு என்று விலை சொன்னார். திங்கட்கிழமை வண்டியோடு வருவதாகவும் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அப்போது அப்பா கைத்தடியை சி.டி.100-ன் இருக்கை மேல் குறுக்காக வைத்தார். அதற்கு என்ன அர்த்தம் என்பதிலும் வீட்டில் கருத்து வேறுபாடு.

பூஜை விடுமுறைக்கு நாக்பூரிலிருந்து வந்திருந்த மகளுக்கு இந்தத் தகராறு பிடிக்கவில்லை. வங்கியில் வேலை. முப்பத்தெட்டு வயது. "ஓட வச்சுப் பார்ப்போம். ஓடினா அப்புறம் பேசிக்கலாம்" என்றார். யார் ஓட வைப்பது என்று அம்மா கேட்டார். விஜயதசமி சனிக்கிழமை, கடைகள் எல்லாம் தசராவுக்கு மூடியிருக்கும்.

"நான்தான்."

அம்மா சிரிக்கவில்லை. காரணம் இருந்தது. அந்த வீட்டில் மாதம் ஒரு ஞாயிறு வண்டிக்கான நாள். 1985-ல் ஹரியாணாவின் தாருஹேராவில் தயாராகத் தொடங்கிய சி.டி.100-ஐ, பெட்ரோலை நிரப்பி மூடிவிட்டு மறந்துவிடுங்கள் என்று விளம்பரம் செய்துதான் விற்றார்கள். அப்பா முதல் இரண்டை ஒப்புக்கொண்டார். மறப்பது மட்டும் அவரால் ஆகவில்லை. செய்தித்தாளை விரித்து, கார்புரேட்டரைக் கழற்றி, ஒவ்வொரு பாகத்தையும் வரிசையாக அடுக்குவார். ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கும் வேலை மகனுக்கு. அவன் பார்வை தெருவில் கிரிக்கெட் மேல் இருக்கும். மகளுக்குக் கிடைத்தது டார்ச் பிடிக்கும் வேலை. வெளிச்சம் எங்கே விழ வேண்டுமோ அங்கே பார்த்துக்கொண்டிருந்தாக வேண்டும். பத்து வருடம் பார்த்தார். தொடத்தான் ஒருநாளும் விட்டதில்லை.

சனிக்கிழமை காலை மறுபூஜை முடிந்து பெட்டி வராந்தாவுக்கு வந்தது. அப்பாவுக்குப் பிரம்பு நாற்காலி. பெட்ரோல் பைப்பின் கிளிப்பை நகர்த்தி உருவியபோது பைப் கையிலேயே வெடித்து உடைந்தது. கார்புரேட்டரின் தலை மூடியைத் திருகிக் கழற்றி, ஆக்ஸிலேட்டர் கேபிளோடு ஸ்லைடை மேலே இழுத்தார் மகள். அதன் நுனியில் ஊசி தொங்கியது. அதையும் பிரிக்கப் போனபோது தடி தரையில் தட்டியது. "அதுதான்." வேண்டாம். ஸ்லைடைத் துணியில் சுற்றி ஹேண்டில்பாரில் கட்டிவிட்டார். காற்று வடிகட்டிப் பக்கத்து ரப்பர் குழாயின் பட்டையைத் தளர்த்தி, பத்தாம் நம்பர் ஸ்பேனரால் எஞ்சின் பக்கத்து நட்டுகள் இரண்டையும் எடுத்ததும் கார்புரேட்டர் கைக்கு வந்தது. உள்ளங்கையில் அடங்கும் சாமான். அழுக்கு வெல்லக்கட்டி மாதிரி இருந்தது.

அடிக்கிண்ணத்தின் ஸ்க்ரூக்கள் அசையவில்லை. திருப்புளி நழுவி, ஒன்றின் தலை தேயத் தொடங்கியது. எல்லாரும் தோற்கிற இடம் இதுதான். தலை மழுங்கிவிட்டால் அப்புறம் டிரில் போட வேண்டியதுதான். அப்பா நாற்காலியிலிருந்து முன்னுக்கு நகர்ந்து, பெட்டிக்குள் தடியை விட்டுச் சுத்தியலைத் தள்ளினார். மகளுக்கு ஞாபகம் வந்தது. திருப்புளியை நன்றாக அழுத்திப் பிடித்து, அதன் பிடியில் சுத்தியலால் தட்டிக்கொண்டே திருப்பினார். 'கிரீச்' என்ற ஓசையோடு ஸ்க்ரூ விட்டுக்கொடுத்தது.

கிண்ணத்துக்குள் பெட்ரோல் இல்லை. அடியில் தேன் நிறத்தில் ஒரு பிசின். பழைய வார்னிஷ் டப்பாவைத் திறந்தது போன்ற புளித்த நெடி. தேங்கிய பெட்ரோலில் லேசான பகுதி ஆவியாகிப் போய்விடும். மிச்சம் காற்றோடு சேர்ந்து கெட்டியாகிக் கோந்தாகும். 2023-ல் பம்புகளில் கிடைத்த பெட்ரோலில் எத்தனாலும் கலந்திருந்தது. அது காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். கிண்ணத்தின் ஒரு மூலையில் வெள்ளையாகப் பூத்திருந்தது.

அந்தப் பிசினை அப்பா வெகுநேரம் பார்த்தார். ஊருக்குப் போவதாக இருந்தாலும் சரி, மழையில் வண்டி பத்து நாள் நிற்கப் போகிறது என்றாலும் சரி, அவர் பெட்ரோல் குழாயை மூடிவிட்டு எஞ்சினை ஓடவிடுவார். கிண்ணம் வற்றி அது தானாக நிற்கும். பிறகுதான் தார்ப்பாய். முப்பத்திரண்டு வருடத்தில் தவறாத பழக்கம், அந்த ஆகஸ்ட் காலையைத் தவிர. அன்று பத்து நிமிடத்தில் திரும்பவும் கிளம்புவதாகத்தான் இருந்தார்.

மிதவையின் அச்சாணியைத் தள்ளி எடுத்ததும் மிதவையும் அதோடு ஒட்டிய ஊசி வால்வும் வந்தன. அப்பா இடது கையை நீட்டினார். மிதவையை வாங்கிக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தார். உள்ளே பெட்ரோல் புகுந்திருந்தால் சளசளக்கும். சத்தமில்லை. திருப்பிக் கொடுத்தார். அன்றைய வேலையில் அவர் கையால் செய்த முதல் காரியம் அது. மெக்கானிக்குகள் பலர் இதைப் பார்ப்பதில்லை. ஸ்பிரே அடித்து மாட்டி அனுப்பிவிடுகிறார்கள்.

அடுத்தது காற்று ஸ்க்ரூ. பக்கவாட்டில் இருக்கும் சிறிய பித்தளைத் திருகு. கழற்றுவதற்கு முன்னால் அதை மெதுவாக உள்ளே முடுக்கி, எத்தனை சுற்றில் முட்டுகிறது என்று எண்ணிக்கொள்ள வேண்டும். திரும்ப மாட்டும்போது அதே அளவுக்கு வெளியே விட வேண்டும். மகள் திருப்பிக்கொண்டே வாய்விட்டு எண்ணினார்.

"ஒண்ணு..."

"ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று தொடர்ந்தது அப்பாவின் குரல். கணீரென்று, பழைய குரல். சமையலறையிலிருந்து அம்மா ஓடி வந்தார். திருகு ஒன்றரைச் சுற்றிலேயே முட்டிவிட்டது. குரல் நிற்கவில்லை. நாலு, அஞ்சு, ஆறு. நிறுத்த முடியாமல் போய்க்கொண்டிருப்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. பத்தில் நின்றதும் தடியால் தரையில் ஒரு முறை ஓங்கித் தட்டினார். அப்புறம் ஒரு முறை, மெதுவாக, பாதியாக. ஒன்றரை. மகள் செய்தித்தாளின் ஓரத்தில் 1½ என்று எழுதிக்கொண்டார்.

கார்புரேட்டர் செய்வது பெரிய மாயமில்லை. குழாய் குறுகும் இடத்தில் காற்று வேகமெடுக்கும், அங்கே அழுத்தம் குறையும் - இத்தாலியரான வெஞ்சுரி 1797-ல் எழுதி வைத்தது. அந்தக் குறைந்த அழுத்தம் கீழே கிண்ணத்திலிருந்து பெட்ரோலை ஜெட் வழியாக மேலே வரவழைக்கிறது. எடைக்கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்குப் பதினான்கேமுக்கால் பங்கு அளவுக்குக் காற்று சேர்ந்தால் முழுதாக எரியும். 2020 ஏப்ரல் 1-ல் பி.எஸ்.6 விதி வந்தபின் புது மோட்டார் சைக்கிள்களில் இந்தக் கணக்கைக் கம்ப்யூட்டரும் இன்ஜெக்டரும் பார்த்துக்கொள்கின்றன. சி.டி.100-ல் அதைப் பார்ப்பது ஒரு பித்தளைத் துளை. ஆக்ஸிலேட்டரைத் திருகாதபோது எஞ்சினை உயிரோடு வைத்திருக்கும் ஸ்லோ ஜெட்டின் துளை அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. இந்த ஒரு துளை அடைந்தால் போதும். மற்றதெல்லாம் புதிதாக இருந்தாலும் வண்டி கிளம்பாது.

மகள் ஸ்லோ ஜெட்டை வானத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். வெளிச்சம் தெரியவில்லை.

பாகங்களை ஊறப்போட ஏதாவது வேண்டும். அடுக்களையிலிருந்து விளிம்பு வைத்த எவர்சில்வர் தட்டை மகள் எடுத்து வந்தார்.

"ஏட்டி, அது அப்பா சாப்பிடுத தட்டுல்லா! நாளைக்கு எதுல சோறு போட?"

"புளி போட்டு விளக்கித் தாரேன்மா."

"ஆமா, விளக்குவ. நாத்தம் போகுமா?"

ஆனால் தட்டைப் பிடுங்கவில்லை. பக்கத்து வீட்டு ஒடிசாக்காரர் தன் வண்டியிலிருந்து ஒரு லிட்டர் பெட்ரோல் பிடித்துக் கொடுத்தார். பம்பில் பாட்டிலில் தர மறுத்துவிட்டார்கள். ஜெட்டுகள் பெட்ரோலில் மூழ்கின. அடிக்கிண்ணத்தின் ரப்பர் வளையம் ஏற்கெனவே ஊதிப் பெரிதாகி, பள்ளத்தில் உட்கார மறுத்தது. அதைத் தனியாக எடுத்து ஜன்னலில் காயப்போடும்படி தடி காட்டியது. காய்ந்தால் சுருங்கும். ஆக, வேலை ஞாயிற்றுக்கிழமைக்குப் போனது.

சாயங்காலம் அம்மா விளக்கேற்றி வராந்தா வாசலுக்குக் கொண்டுவந்தார். அப்பா தடியை நீட்டி நிலைப்படியின் குறுக்கே வைத்து மறித்தார். பெட்ரோல் நெடி இன்னும் இருந்தது. அன்று விளக்கு பின்கட்டில் எரிந்தது.

ஞாயிறு காலை ஸ்லோ ஜெட்டைத் தட்டிலிருந்து எடுத்து ஊதியும் வழி திறக்கவில்லை. மகள் ஊக்கு ஒன்றைத் தேடினார். தடி தட்டிய வேகத்தில் பக்கத்திலிருந்த டப்பா உருண்டது. பித்தளை மென்மையானது, இரும்பு ஊசி விட்டால் துளை பெரிதாகிவிடும், பிறகு அந்த ஜெட்டுக்கு அர்த்தமில்லை. பெட்டியின் அடியில் சுருட்டி வைத்த மின்கம்பித் துண்டு இருந்தது. அதை உரித்து, செம்பு இழை ஒன்றை மட்டும் தனியே எடுத்தார் மகள். வராந்தாவில் வெளிச்சம் போதவில்லை. இழை ஒரு முனையில் சுருண்டு சுருண்டு மடங்கியது. நாலாவது தடவையாக மடங்கியபோது மகளுக்கு எரிச்சலில் கண் கலங்கியது. "என்னால ஆகலப்பா."

அப்பா எழுந்தார். தடியை ஊன்றி உள்ளே போனார். திரும்பி வர நேரமாயிற்று. தடி அக்குளில் இடுக்கியிருந்தது, இடது கையில் டார்ச். நாற்காலியை மகளின் பக்கத்தில் இழுத்துப் போடச் சொல்லித் தலையசைத்து, உட்கார்ந்து, ஜெட்டின் மேல் வெளிச்சத்தை அடித்தார். கை லேசாக நடுங்கியது. வெளிச்சம் நகரவில்லை.

இழை உள்ளே போய் மறுபக்கம் வெளியே வந்தது. சைக்கிள் பம்பால் காற்று அடித்து, மறுபடி நனைத்து, மறுபடி அடித்து, ஜெட்டை டார்ச்சுக்கு எதிரே பிடித்தபோது ஊசிமுனை அளவில் ஒரு புள்ளி தெரிந்தது. முழு வட்டம். மகள் அதை அப்பாவின் கண்ணருகே கொண்டுபோனார். கண்புரை அறுவை செய்த வலது கண்ணால் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

மாட்டுவது சீக்கிரம் நடந்தது. மெயின் ஜெட், மிதவை, அச்சாணி. கார்புரேட்டரைத் தலைகீழாகப் பிடித்து, பெட்ரோல் வரும் வாயில் புதுப் பைப்பை மாட்டி ஊதச் செய்தார் அப்பா. மிதவை படுத்திருக்கையில் காற்று போகக்கூடாது, தூக்கினால் போக வேண்டும். போயிற்று. சுருங்கிய ரப்பர் வளையம் பள்ளத்தில் சமர்த்தாக உட்கார்ந்தது. காற்று ஸ்க்ரூவை முட்டும்வரை முடுக்கி வெளியே விடும்போது மகள் எண்ணவில்லை. அப்பா தட்டினார். ஒன்று. அரை.

கடைசியில் ஸ்லைடு. உள்ளே விட்டு மூடியைத் திருகியாயிற்று. மகள் கிக்கர் மேல் காலை வைக்கப் போனபோது தடி ஹேண்டில்பாரைக் காட்டியது. ஆக்ஸிலேட்டரைத் திருகி விட்டுப் பார்த்தார். அப்பா தலையைச் சாய்த்துக் கேட்டார். மறுபடி திருகி விட்டார்.

"அதுதான்" என்றார். இல்லை என்பதற்கான அதுதான்.

விட்டதும் ஸ்லைடு கீழே போய் விழுகிற சத்தம் வர வேண்டும். வரவில்லை. மூடியைக் கழற்றிப் பார்த்தால், ஸ்லைடு திரும்பியிருந்தது. அதன் பக்கவாட்டுப் பள்ளம் உட்கார வேண்டிய இடத்தில் உட்காரவில்லை. பாதி மேலேயே நின்றுவிட்ட ஸ்லைடோடு எஞ்சின் பிடித்திருந்தால் ஒரே உறுமலாக உறுமியிருக்கும். பிரேக்கைப் பிடித்தாலும் அது அடங்காது. ஸ்லைடைத் திருப்பி, வெட்டுப் பகுதி காற்று வடிகட்டியைப் பார்க்கும்படி வைத்து இறக்கினார். திருகி விட்டதும், 'டக்'.

டாங்கியில் இருந்த பழைய பெட்ரோலை ஏற்கெனவே வடித்தாயிற்று. மிச்சமிருந்த புது பெட்ரோல் உள்ளே போனது. ஸ்பார்க் பிளக்கை உப்புத்தாளில் தேய்த்து மாட்டினார். பேட்டரி எப்போதோ செத்திருந்தது. எஞ்சின் கிளம்ப இந்த வண்டிக்கு அது தேவையில்லை. சோக் போட்டுப் பதினைந்து உதை. ஒன்றுமில்லை. பதினெட்டாவதில் ஓர் இருமல். இருபத்திரண்டாவதில் பிடித்துக்கொண்டது. புகைபோக்கியிலிருந்து முதலில் ஒரு கரப்பான் பூச்சியும் பிறகு வெள்ளைப் புகையும் வந்தன. பக்கத்து வீட்டுக்காரர் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்துக் கைதட்டினார். அம்மா ஹைதராபாத்துக்கு போன் போட்டு, பேசாமல், போனை எஞ்சின் பக்கம் நீட்டினார்.

சோக்கை எடுத்த பிறகும் ஓடியது. அப்பா பிரம்பு நாற்காலியில் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். ஓட்டம் சீராக இருந்தது. மகள் கையைத் துடைத்துக்கொண்டு, நாளை காலை ரயிலுக்கு முன்னால் வண்டியைத் தெருக்கோடி வரை ஒரு தடவை ஓட்டிப் பார்க்கலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

தடி நீண்டு பெட்ரோல் குழாயின் பிடியைத் தொட்டது.

"என்னப்பா, இப்பத்தான ஸ்டார்ட் ஆச்சு?"

தடி அங்கேயே இருந்தது. "அதுதான்."

இந்த முறை அர்த்தத்தில் யாருக்கும் சந்தேகம் இல்லை. மகள் அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு குனிந்து குழாயை மூடினார்.

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. கிண்ணத்தில் இருந்த பெட்ரோலை அது சிறிது சிறிதாகக் குடித்தது. சில நிமிடங்களுக்குப் பிறகு சத்தம் ஒரு படி உயர்ந்தது. கிண்ணம் வற்றும்போது அப்படித்தான் ஆகும். இரண்டு தடவை தடுமாறி, நின்றது. நின்ற பிறகும் புகைபோக்கி சூட்டில் 'டிக் டிக்' என்று சத்தமிட்டது. அது ஆறும்வரை இருந்துவிட்டு, அப்பா தார்ப்பாயைக் காட்டினார்.

திங்கட்கிழமை காலை கபாடிக்காரர் வண்டியோடு வந்து நின்றார். பெட்ரோல் கறை படிந்த செய்தித்தாள்களை மட்டும் அம்மா எடைக்குப் போட்டார். ஓரத்தில் 1½ என்று எழுதியிருந்த தாளை மகள் கிழித்துத் தகரப் பெட்டிக்குள் வைத்திருந்தார்.